முதல் மழை தரைக்கே

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நீலாவதியை ஹேவ்லாக் தீவுப் படகிலிருந்து இறக்கி, மரைன் ஹில் மேட்டில் பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், இடுப்பில் ஒரு வாழைத்தாருடன் ஒரு வாரமாக நின்றுகொண்டிருக்கிறாள். நிற்க வைத்தது அவளுடைய லாட்ஜின் கூரைதான். பதினெட்டு வருஷமாக வெறும் தகரமாக வெளுத்துக் கிடந்த கூரை, குங்குமத்தைக் கொட்டியது போலச் செக்கச்செவேலென்று நின்றது.

வேலை யாருடையது என்று வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். அவள் தம்பி சண்முகம்தான். காண்ட்ராக்ட் வேலை தேடிப் பத்து வருஷத்துக்கு முன் தீவுக்கு வந்தவன். மனசு தங்கம், கை மட்டும் சும்மா இருக்காது. லாட்ஜுக்கு வாழைப்பழம் கொடுக்கும் வங்காளிக் குடும்பத்தில் கல்யாணம் என்று அக்கா நான்கு நாள் ஹேவ்லாக் போயிருந்தாள். அத்தான் ஜம்புலிங்கம் கண் ஆபரேஷனுக்காக இரண்டு மாதம் முன்பே மெட்ராஸ் போய்விட்டார். கேட்க ஆள் இல்லாத நான்கு நாள் சண்முகத்துக்குத் தாராளம்.

"எப்படிக்கா இருக்கு?" என்று வாசலிலேயே பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வியாழக்கிழமை ஆபீசர் வராரு. அவங்க இலாகா ஆளுங்களுக்கு வருஷம் பூரா ரூம் வேணுமாம். நம்ம லாட்ஜைப் பார்த்து லிஸ்டுல சேர்க்கப்போறாரு. கூரை துருப்பிடிச்சு நின்னா நல்லாவா இருக்கும்?"

"இது என்ன பெயிண்ட்டு?"

"ரெட் லெட்டுன்னு சொல்வாங்கக்கா. படகுக்கு அடியில அடிக்கிறது. தெரிஞ்ச காண்ட்ராக்டர்கிட்ட மிஞ்சிக் கிடந்தது. பக்கா மால், பத்து வருஷம் துரு அண்டாது."

நீலாவதி வாழைத்தாரை மெல்லக் கீழே இறக்கினாள்.

"ஏண்டா, கூரையில விழற தண்ணியைத்தானே நாம குடிக்கிறோம்?"

சண்முகத்தின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. எடுக்கவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

ஜம்புலிங்கம் முன்பு ஒரு படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவரோடு கந்தன் என்று ஒருவன் இருந்தான். படகுகளுக்கு இந்தச் சிவப்பு ஈயப் பெயிண்டை அடிப்பதே அவன் வேலை. நாலைந்து வருஷத்தில் அவனுக்கு வயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. பிறகு மணிக்கட்டு தொங்கிவிட்டது. கையால் சோற்றைப் பிசைய முடியாமல் அவன் உட்கார்ந்திருந்ததை நீலாவதி பார்த்திருக்கிறாள். அவனைக் கப்பலேற்றி அனுப்பிய நாளில் டாக்டர் சொன்ன ஒரே காரணம், ஈயம்.

"சுரண்டி எடுத்துடலாம்க்கா. மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கு" என்றான் சண்முகம்.

இது செவ்வாய்க்கிழமை நடந்தது. இப்போது நம் கதைக்கு வியாழக்கிழமை.

அறுபத்தெட்டாம் வருஷம், மே மாதத்து முதல் வாரம். அந்த நாளில் முனிசிபல் குழாய்த் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஏறி வராது. ஜனவரியிலிருந்து ஒரு பொட்டு மழை இல்லை. நீலாவதி மூங்கில் கழியை மழைத்தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தாள். இரண்டு சாண். சாயங்காலம் மெட்ராஸ் கப்பல் வருகிறது. அதில் கண் தெளிந்த புருஷனும், ரூமுக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்த பதினோரு பேரும் வருகிறார்கள். இருக்கிற தண்ணீரை அளந்து செலவழித்தால் மழை வரைக்கும் லாட்ஜ் தாங்கும். தொட்டி வற்றினால் லாட்ஜை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு அது.

அந்த லாட்ஜில் தங்கியவர்களுக்கு அதன் சட்டதிட்டங்கள் இன்றைக்கும் மறந்திருக்காது. ஆளுக்கு நாளைக்கு இரண்டு வாளி, கோடையில் ஒன்று. குளிக்கச் சீயக்காயும் பயத்தமாவும்தான். சோப்பு கொண்டுவந்தால் பெட்டியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் குளித்த தண்ணீர் நேராகச் சேம்புப் பாத்திக்குப் போகிறது. பாத்திரத்துக்குச் சாம்பல். அடுப்புக்குத் தேங்காய் மட்டை. கக்கூசுக்கு மர மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள், அதுவும் ஒரு வருஷம் மக்கிய பிறகு தென்னைக்குப் போகும். காலி பாட்டிலை வீசினால் நீலாவதிக்குக் கோபம் வரும்.

"தீவுல எதையும் தூக்கிப் போட முடியாது சார்" என்பாள். "போட்டா கடல் திருப்பிக் கொண்டாந்து நம்ம வாசல்லயே வச்சிட்டுப் போயிடும்."

இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் அப்போது வரவில்லை. இருப்பதை வைத்து நடத்த வேண்டியிருந்தது, நடத்தினார்கள். அதில் ஒரு அழகு இருந்தது.

அந்த அழகின் உச்சம் முதல் மழை நாள். கூரைத் தண்ணீர் வரும் குழாயின் கடைசித் துண்டைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு பக்கம் தொட்டி, இன்னொரு பக்கம் தரை. முதல் மழை எப்போதும் தரைக்குத்தான். நான்கு மாதத் தூசி, சருகு, காக்கை எச்சம் எல்லாம் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விடுவார்கள். லாட்ஜில் இருக்கிற அத்தனை பேரும் நனைந்துகொண்டே பின்பக்கம் கூடுவார்கள். நீலாவதி வெள்ளை எனாமல் பேசனில் தண்ணீரை ஏந்திப் பார்ப்பாள். மூன்று பேசன் அடுத்தடுத்துத் தெளிவாக வர வேண்டும். வந்ததும், லாட்ஜில் அதிக நாள் தங்கியிருக்கிறவர் எவரோ அவர் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்புவார். அன்றைக்கு எல்லாருக்கும் பாயசம். கோயிலில் பரிவட்டம் கட்டுவது போல அது ஒரு மரியாதை. ஆறு வருஷமாக அந்த மரியாதை தபாலாபீஸ் நாயருக்கு. அவர் போன கப்பலில் மாற்றலாகிப் போய்விட்டார்.

இந்த வருஷம் குழாயை யாரும் திருப்பக் கூடாது என்று நீலாவதி காலையிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். சண்முகம் குழாயின் வாயைத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பிக் கயிற்றால் கட்டினான். சேம்புக்குக்கூட இந்தத் தண்ணீர் வேண்டாம் என்றிருந்தாள் அக்கா.

மூன்று மணிக்கு ஆபீசர் உதயசூரியன் வந்தார். மெயின்லேண்டிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சட்டையின் கஞ்சி மடிப்பு இன்னும் கலையவில்லை. சண்முகம் முன்னால் ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்தான். நீலாவதியின் மகள் இந்திராணி, பதினெட்டு வயசு, டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ரூமெல்லாம் நீட்டா இருக்கு" என்றார் ஆபீசர். "ஷவர் எங்கே?"

"வாளி இருக்கு சார்" என்றாள் நீலாவதி.

"ஆளுக்கு எத்தனை வாளி?"

"ரெண்டு. இப்ப ஒண்ணு."

"ஒரு வாளியில எப்படிம்மா குளிக்கிறது?"

"நான் பதினெட்டு வருஷமா குளிக்கிறேனே சார்."

இந்திராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபீசரும் சிரித்துவிட்டார், ஆனால் கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் வெளிச்சம் மங்கியது. தூரத்துக் கடலிலிருந்து ஒரு இரைச்சல் கிளம்பி, துறைமுகத்தைத் தாண்டி, மேடேறி, தடதடவென்று கூரைமேல் வந்து விழுந்தது. எட்டு நாள் முந்திக்கொண்டு மழை வந்துவிட்டது!

நீலாவதி வெளியே ஓடினாள். குழாயிலிருந்து சாக்கடைக்குக் கொட்டும் தண்ணீர் முதலில் இளஞ்சிவப்பாக ஓடியது. நான்கு மாதம் காத்திருந்த மழை, கை எட்டும் தூரத்தில், வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. தம்பியை நாலு சாத்து சாத்தலாம் போலவும் வந்தது.

ஆனால் ஞாபகத்துக்கு வந்தது வேறொன்று. நாற்பத்தொன்பதாம் வருஷம். கல்யாணமாகி வந்த புதிது. தொட்டி இல்லை, லாட்ஜ் இல்லை, ஒரு ஓலைக் கொட்டகைதான். மழை வந்ததும் ஜம்புலிங்கம் அவள் கல்யாணப் போர்வையை உருவிக்கொண்டு வெளியே ஓடி, நான்கு முனையையும் நான்கு கம்பில் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டார். கல் இழுத்த பள்ளத்தில் தண்ணீர் கூடி, கீழே வைத்த தகர டின்னில் நூலாக இறங்கியது. "பார்த்தியா, நம்ம வீட்டுக் குழாய்!" என்று அவர் கூத்தாடினார். அவள் கல்யாணப் போர்வைக்காக அழுதாள். என்ன வயசு அப்போது! பத்தொன்பதா, இருபதா?

"ராணி! எல்லா ரூம்லயும் பெட்ஷீட்டை உருவு! ஜல்தி!" என்று கத்தினாள். "தம்பி, டிரம்மை எல்லாம் முற்றத்துக்கு உருட்டு! கூரைத் தண்ணி நமக்கு வேண்டாம். வானத்துத் தண்ணியை நேராப் பிடிப்போம்!"

அடுத்த நிமிஷம் முன்முற்றம் திருவிழாவாகிவிட்டது. தங்கியிருந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். ஒரு போர்வைக்கு ஒரு கை குறைந்தது. நீலாவதி சுற்றிலும் பார்த்தாள்.

"சார், அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

"நானா?" என்றார் ஆபீசர். கேட்டுக்கொண்டே இறங்கி வந்துவிட்டார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கஞ்சிச் சட்டை உடம்போடு ஒட்ட, போர்வையின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் நடுப்பள்ளத்தில் கூடி டிரம்முக்குள் இறங்கியபோது சின்னப் பையன் மாதிரி, "வருது, வருது!" என்று கூவினார்.

ஒரு டிரம் நிறைந்தது. இரண்டாவதும் நிறைந்தது. நீலாவதிக்கு இத்தனை வருஷம் கழித்து இருபது வயசு திரும்பி வந்தது போலிருந்தது. நனைந்த கூந்தலை முடிந்துகொண்டு மூன்றாவது டிரம்மைப் பிடித்தவள், சட்டென்று நின்றாள்.

சத்தம் மாறியிருந்தது.

சாக்கடையில் விழும் தண்ணீர் சளசளக்கும். தொட்டியில் விழும் தண்ணீர் உள்ளே முழங்கும். பதினெட்டு வருஷம் கேட்ட காது அது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள்.

அங்கே கண்ணையா நின்றுகொண்டிருந்தார். ஷிப்பிங் ஆபீஸ் குமாஸ்தா. வீடு மாயாபந்தரில், வேலை இங்கே. ஆறு வருஷமாக ஒன்றாம் நம்பர் ரூம் அவருடையது. கைதிகளாகத் தீவுக்கு வந்தவர்களின் பேரன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தமிழும் இந்தியும் அவர் வாயில் ஒரே பாஷை. பத்து நாள் லீவில் ஊருக்குப் போனவர் இப்போதுதான் படகிலிருந்து இறங்கி, பின்வாசல் வழியாக வந்திருக்கிறார். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட, வெள்ளைப் பேசனைக் கையில் ஏந்திக்கொண்டு, முகமெல்லாம் மலர்ச்சியாக நின்றார். கயிறு அவிழ்ந்து கிடந்தது. குழாய் தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தது.

"பஹன்ஜி! நீங்க அங்கே பிஸி. நான் தீன் பேசன், மூணும் பார்த்தேன். பிலகுல் சாஃப், சுத்தத் தெளிவு! நாயர் போயிட்டார் இல்லையா, இந்த சால் என்னோட முறை. அதான் திருப்பிட்டேன். சே சால், ஆறு வருஷம் வெயிட் பண்ணினேன் பஹன்ஜி!"

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவள் கற்றுக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். பாயசத்துக்குக் காத்திருக்கும் அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. மெதுவாகக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பினாள்.

சண்முகமும் ஆபீசரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அவள் பேசனால் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு பார்த்தாள். கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. சிவப்பாக இருந்திருந்தால்கூட மனசு இவ்வளவு பாடுபட்டிருக்காது.

"அக்கா" என்று சண்முகம் காதோரம் கிசுகிசுத்தான். "பத்து நிமிஷத் தண்ணிதான் விழுந்திருக்கும். பார்த்தா ஒண்ணும் தெரியலையே. விட்டுடுக்கா. ஆபீசர் நிக்கிறாரு."

"தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஆபீசர்.

"நல்லா இருக்கிற மாதிரி இருக்கு சார்" என்றாள் நீலாவதி. பிறகு கண்ணையாவின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, தப்பு என்னோடது. கூரையில ஈயப் பெயிண்ட் அடிச்சிருக்கு. இந்த வருஷம் குழாயைத் திருப்பக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். உங்களுக்குச் சொல்ல முடியாமப் போச்சு."

கண்ணையா கூரையை அண்ணாந்து பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். அவிழ்ந்து கிடந்த கயிற்றை ஒருமுறை பார்த்தார். மனுஷர் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹே பகவான். மேனே க்யா கியா, என்ன காரியம் பண்ணிட்டேன்" என்றார் தனக்குள்.

"தம்பி, கடப்பாரையைக் கொண்டா" என்றாள் நீலாவதி.

"எதுக்குக்கா?"

"தொட்டியோட அடைப்பை எடுக்கணும்."

"அக்கா! ராத்திரிக்குப் பதினோரு பேர் வராங்க! ரெண்டு டிரம்மை வச்சு என்ன பண்ணுவே? ரெண்டே நாள்!"

"ரெண்டு நாளைக்கு அவங்க நம்மளை நம்பி நல்ல தண்ணி குடிக்கட்டும்."

"அதுக்கப்புறம்?"

அவள் பேசனிலிருந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். சண்முகம் அக்காவின் முகத்தையே பார்த்தான். கடப்பாரையை எடுத்து வந்தான், ஆனால் அவளிடம் கொடுக்கவில்லை.

"நான் பண்ணினது. நானே எடுக்கிறேன்" என்று தொட்டியின் சரிவுப் பக்கம் குனிந்து, அடியிலிருந்த மரக்கட்டையில் ஓங்கிப் போட்டான். நான்காவது அடியில் கட்டை பிய்த்துக்கொண்டு போயிற்று. பதினெட்டு வருஷமாக ஒருநாளும் வற்றாத தொட்டி, எல்லார் கண்ணெதிரிலும் தெருச் சாக்கடைக்குள் ஓடியது. அடுக்களை வாசலில் நின்ற இந்திராணி வாய்விட்டு அழுதாள். தானும் அழலாம் என்று நீலாவதிக்குத் தோன்றியது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை.

மழையும் வந்த வேகத்தில் நின்றுவிட்டது. மூன்றாவது டிரம் பாதிதான்.

ஆபீசர் கால்சட்டையைப் பிழிந்துகொண்டார். "எங்க ஆளுங்க வந்தாலும் இப்படித்தான் கொட்டிடுவீங்களாம்மா?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமாகக் கேட்கிறாரா என்று குரலிலிருந்து தெரியவில்லை.

"கெட்டுப்போனா கொட்டித்தான் ஆகணும் சார்."

"திங்கட்கிழமை லெட்டர் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, ஈரச் சட்டையோடு மேட்டில் இறங்கிப் போனார். அந்த லெட்டரில் என்ன இருக்கும் என்று சண்முகத்துக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

கூரையைச் சுரண்டி, ஈயம் படிந்த வண்டலையும் எடுத்தால்தான் அடுத்த மழைக்குத் தொட்டி உதவும். நீலாவதி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, தேங்காய் நாரும் வாளியுமாக ஏணியில் உள்ளே இறங்கினாள். பின்னாலேயே சண்முகமும் இறங்கினான். அந்தத் தொட்டிக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வருஷா வருஷம் வண்டலெடுப்பது ஜம்புலிங்கம்தான். முழங்கால் தண்ணீரில் நின்று தானே வாரிக் கொடுப்பார், வேறு யாரையும் இறங்க விடமாட்டார். இரண்டு சாணுக்குக் கீழே ஒருநாளும் இறக்க விட்டதில்லை. கஞ்சத்தனம் என்று அவள் கேலி செய்வாள்.

மூலையில் வண்டலை நாரால் வழித்தவளின் கையில் பள்ளம் தட்டியது. எழுத்து! சிமெண்ட் ஈரமாக இருந்தபோது விரலால் எழுதியது. அவர் கையெழுத்துத்தான்; அந்த 'ழ'வின் சுழி வேறு யாருக்கும் வராது. அவள் இந்திராணியைப் பெற்றுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் இந்தத் தொட்டியைப் பூசினார். அவள் வீடு திரும்பும்போது மழையில் தொட்டி நிறைந்திருந்தது.

சண்முகம் குனிந்து உரக்கப் படித்தான்.

"'நீலா, தினம் அழுகிறாய். இந்தத் தொட்டி என்றைக்கு வற்றுகிறதோ அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவோம். மெயின்லேண்டுக்கே போய்விடுவோம். சத்தியம். ஜம்பு. 1950.'"

தினமும் அழுதாள், உண்மைதான். ஊருக்குப் போகலாம், போகலாம் என்று அவரைப் பிடுங்கி எடுத்தாள். எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. மனுஷன் சத்தியத்தைப் பண்ணிவிட்டு, அது பலிக்காமல் பார்த்துக்கொள்ளப் பதினெட்டு வருஷம் வாளி வாளியாக அளந்திருக்கிறார்! நீலாவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு நீளமாக எழுந்தது. தொட்டியின் விளிம்பில் இந்திராணியின் தலை தெரிந்தது.

"அம்மா, கப்பல் வந்துடுச்சு! அப்பா வந்துட்டாங்க! நான் துறைமுகத்துக்கு ஓடறேன்!"

கால் சத்தம் தேய்ந்த பிறகு சண்முகம் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, அத்தான் சத்தியம் பண்ணியிருக்காரே. தொட்டி வத்திப்போச்சு. இப்ப என்ன செய்யப்போறே?"

நீலாவதி ஒரு கை வண்டலை அள்ளி அந்த எழுத்தின் மேல் அப்பினாள்.

"அது எனக்கு எழுதினதுடா. நான் இன்னும் படிக்கலை" என்றாள். "நீ அந்தப் பக்கத்திலேருந்து தேய்ச்சுக்கிட்டு வா."